பேரரசுகளின் எல்லைநிலமாக ஆன தாயகம்: ஆர்மீனியப் பீடபூமியின் கதை

ஆர்மீனியர்களின் தாயகம் எது என்ற கேள்விக்கு இன்றைய ஆர்மீனியக் குடியரசின் வரைபடத்தைக் காட்டி விடை சொல்லிவிட முடியாது. 29,743 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நாடு, ஆர்மீனியர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவந்த பீடபூமியின் வடகிழக்குப் பகுதி மட்டுமே. மேற்கே யூப்ரடீஸ் ஆற்றின் தலைநீர்ப் பகுதிகள், தெற்கே வான் ஏரி, கிழக்கே செவான் ஏரியும் கராபாக் மலைகளும், நடுவே 5,137 மீட்டர் உயரமுள்ள அராரத் மலை என்று விரியும் அந்தப் பீடபூமியின் பெரும்பகுதி இன்று துருக்கியின் கிழக்கு மாகாணங்களாக இருக்கிறது. அங்கே ஆர்மீனியர்கள் ஏறத்தாழ இல்லை. இந்த நிலை ஒரே நாளில் வந்ததன்று; உதுமானியப் பேரரசு ஆர்மீனியர்களைத் திரளாக வெளியேற்றிக் கொன்ற 1915 என்ற ஆண்டை மட்டும் வைத்தும் இதை முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது.

நிலத்தின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். யூப்ரடீஸ், டைகிரிஸ், அராஸ், குரா ஆகிய நான்கு ஆறுகளும் இந்த மேட்டுநிலத்தில்தான் பிறக்கின்றன. இதைக் கைப்பற்றி வைத்திருக்கும் அரசு மேற்கே அனத்தோலியாவுக்கும், தெற்கே மெசப்பொத்தேமியாவுக்கும், கிழக்கே ஈரானுக்கும் படையை இறக்க முடியும். ஆகவே மேற்கில் ஒரு பேரரசும் கிழக்கில் இன்னொன்றும் எழுந்தபோதெல்லாம் இரண்டும் மோதிக்கொண்ட இடம் இதுவாகவே இருந்தது. பேரரசுகளின் கண்ணில் இது யாருடைய ஊர் என்பதைவிட, எதிரியை நிறுத்திவைக்க உதவும் அரண் என்பதே முதன்மையாகத் தெரிந்தது. அரணாகப் பார்க்கப்படும் நிலத்தில் குடியிருக்கும் மக்களை, தேவைப்பட்டால் இடம் மாற்றக்கூடியவர்களாகவே ஆட்சியாளர்கள் கருதினார்கள். ஆர்மீனிய வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவது போர்த்தோல்வியைவிட இந்த இடமாற்றம்தான் என்பது என் கருத்து.

பழங்காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். கி.மு. 520 வாக்கில் பாரசீக மன்னன் தாரியஸ் பெஹிஸ்துன் பாறையில் பொறித்த கல்வெட்டில் ‘அர்மினா’ என்ற நாடு வருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் ஆர்மீனிய மன்னன் இரண்டாம் திக்ரான் காஸ்பியன் கடற்கரையிலிருந்து சிரியா வரை ஆண்டது ஒரு குறுகிய விதிவிலக்கு. கி.பி. 63-இல் ரோமும் அன்று ஈரானை ஆண்ட பார்த்திய அரசும் எட்டிய உடன்பாடுதான் இந்நிலத்தின் வழக்கமான தலைவிதியைக் காட்டுகிறது: ஆர்மீனிய அரியணையில் அமர்பவர் பார்த்திய அரச குலத்தவராக இருப்பார், ஆனால் முடியை ரோமப் பேரரசர் சூட்டுவார். அதன்படி 66-இல் திரிதாத் ரோம் நகருக்கே போய் நீரோவின் கையால் முடிசூடிக்கொண்டார். அந்தச் சமநிலையும் நீடிக்கவில்லை. 387 வாக்கில் ரோமும் சாசானியப் பாரசீகமும் நாட்டைப் பங்கிட்டபோது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பாரசீகத்துக்குப் போயிற்று. 428-இல் அங்கிருந்த அரச பதவியும் ஒழிக்கப்பட்டது.

அரசு போன பிறகு மக்களை மக்களாக வைத்திருந்தவை இரண்டு. ஒன்று, மலைப் பள்ளத்தாக்குகளைப் பரம்பரையாக ஆண்ட ‘நக்கரார்’ என்னும் நிலப்பிரபுக்களின் அமைப்பு. மற்றொன்று, நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச மதமாகிய கிறித்தவமும் அதன் தனித் திருச்சபையும். 405 வாக்கில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் உருவாக்கிய எழுத்துமுறை அந்தத் திருச்சபைக்குச் சொந்த மொழியில் வேதத்தையும் வழிபாட்டையும் தந்தது. 451-இல் அவராயர் களத்தில் ஆர்மீனியப் படைத்தலைவர் வர்தான் மாமிகோனியன் சாசானியரிடம் தோற்று இறந்தார். ஆனால் 484-இல் நுவார்சாக் உடன்படிக்கையின் வழியாக ஆர்மீனியர்கள் தம் சமயத்தைக் காக்கும் உரிமையைப் பெற்றார்கள். அன்றைய பேரரசுகளுக்கு வரியும் குதிரைப்படையும் தேவைப்பட்டன. அவற்றைத் தரும் உள்ளூர்த் தலைவர்களை விட்டுவைப்பதே மலிவான வழியாக இருந்தது.

சாசானியருக்குப் பின் இந்நிலத்தை ஆண்ட அராபியக் கலீபாக்களின் பிடி தளர்ந்தபோது பக்ரதூனி என்னும் ஆர்மீனியக் குலம் தலையெடுத்து, 961-இல் அனி நகரைத் தலைநகராக்கியது. அந்த அரசை முடித்துவைத்தது அண்டையிலிருந்த இன்னொரு கிறித்தவப் பேரரசு. 1021 வாக்கில், வான் ஏரிப் பகுதியிலிருந்த வஸ்புரகான் என்னும் இன்னொரு ஆர்மீனிய அரசின் மன்னர் செனெகெரிம் தம் நாட்டைப் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பேசிலிடம் ஒப்படைத்து, பெருந்திரளான குடிமக்களோடு மேற்கே செபாஸ்தியா பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரம்தான் இன்றைய சிவாஸ். 1045-இல் அனியும் பைசாந்தியத்தின் கைக்குப் போயிற்று. உள்ளூர் அரசர்களும் அவர்களுடைய படைகளும் அகற்றப்பட்ட அந்த எல்லையை செல்ஜுக் துருக்கியர்கள் எளிதாக உடைத்தார்கள். 1064-இல் அனி விழுந்தது. 1071-இல் மன்சிகெர்த் போரில் பைசாந்தியப் படையே சிதறியது. தன் கேடயத்தைத் தானே கழற்றி வைத்த பேரரசு என்று பைசாந்தியத்தைச் சொல்வது மிகையாகாது.

தெற்கே மத்தியதரைக் கடலோரத்துச் சிலிசியாவில் குடியேறிய ஆர்மீனியர்கள் 1198 முதல் 1375 வரை ஓர் அரசை நடத்தினார்கள். அது தனிக்கதை. பீடபூமியிலோ மங்கோலியர், தைமூர், துருக்மேனிய இனக்குழுக் கூட்டமைப்புகள் என்று அடுத்தடுத்து வந்த அலைகளில் நக்கரார் அமைப்பு கரைந்துபோய், திருச்சபை மட்டும் மிஞ்சியது. 1441-இல் கத்தோலிக்கோஸ் எனப்படும் திருச்சபைத் தலைவரின் பீடம் எரெவானுக்கு அருகிலுள்ள எச்மியாட்சினுக்குத் திரும்பியது.

பதினாறாம் நூற்றாண்டில் மறுபடியும் இரு பேரரசுகள் எதிரெதிரே நின்றன: மேற்கில் உதுமானியர், கிழக்கில் சஃபவிப் பாரசீகம். 1514-இல் சால்திரானில் தொடங்கிய போர், 1555 அமாசியா உடன்படிக்கை, மீண்டும் போர், 1639 சுஹாப் உடன்படிக்கை என்று நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் இழுத்தது. அதன் நடுவில் 1604-இல், உதுமானியப் படை முன்னேறி வருவதை அறிந்த ஷா அப்பாஸ், எதிரிக்குச் சோறும் தங்குமிடமும் கிடைக்கக் கூடாது என்பதற்காக அராரத் சமவெளியையும் அராஸ் ஆற்றங்கரை ஊர்களையும் எரித்து, மக்களை ஈரானுக்குள் ஓட்டிச் சென்றார். ஆற்றைக் கடக்கையில் பலர் மூழ்கி இறந்தார்கள். வழியில் பசியாலும் குளிராலும் இன்னும் பலர் மாண்டார்கள்.

இதில் போர்த் தந்திரத்தோடு பொருளாதாரக் கணக்கும் இருந்தது. அராஸ் கரையிலிருந்த ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனிய வணிகர்கள் ஈரானியப் பட்டு வாணிபத்தில் கைதேர்ந்தவர்கள். அவர்களை ஷா தம் தலைநகரான இஸ்ஃபஹானுக்கு எதிரே ஆற்றின் மறுகரையில் குடியேற்றி, வழிபாட்டு உரிமையும் வணிகச் சலுகைகளும் கொடுத்தார். புதிய ஜுல்ஃபா என்ற அந்தப் புறநகரிலிருந்து கிளம்பிய வணிக வலை வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், மணிலா, கல்கத்தா, மதராஸ் வரை பரவியது. தமிழ் வாசகர்களுக்கு இந்த வரலாறு சற்று அருகில் வருவது இங்கேதான். மதராஸில் வாழ்ந்த ஷாஹாமிர் ஷாஹாமிரியன் 1770களில் அச்சகம் நிறுவி, எதிர்கால விடுதலை ஆர்மீனியாவுக்கான அரசமைப்பு வரைவு ஒன்றை அச்சிட்டார். பரம்பரை மன்னர் இல்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையும் சட்டமும் ஆளவேண்டும் என்பது அதன் சாரம். 1794-இல் உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ மதராஸில்தான் வெளிவந்தது. பாரசீக ஷா பெயர்த்தெடுத்த மக்களின் வழித்தோன்றல்கள், பீடபூமியில் இருந்தவர்களால் அச்சிட முடியாததைச் சோழமண்டலக் கரையில் அச்சிட்டார்கள்.

பீடபூமியின் மேற்குப் பெரும்பகுதி உதுமானிய ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியைப் பற்றி இரண்டு எளிய சித்திரங்கள் புழக்கத்தில் உள்ளன: எல்லா மதங்களும் இணக்கமாக வாழ்ந்த பொற்காலம் என்பது ஒன்று, இடைவிடாத கொடுமை என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மை. ‘மில்லத்’ முறையில் ஆர்மீனியர்கள் கான்ஸ்தாந்திநோபிள் பேராயரின் கீழ் ஒரு சமயச் சமூகமாக அங்கீகரிக்கப்பட்டார்கள். திருமணம், வாரிசுரிமை, பள்ளிக்கூடம் எல்லாம் திருச்சபையின் பொறுப்பு. தலைநகரில் அரண்மனைக் கட்டடக் கலைஞர்களாகவும், நாணயச்சாலை அதிகாரிகளாகவும், வட்டிக்கடன் வணிகர்களாகவும் ஆர்மீனியர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். ஆனால் ஆர்மீனியர்களில் பெரும்பாலோர் கிழக்கு மாகாணங்களின் உழவர்கள். ஆயுதம் வைத்திருக்க உரிமையில்லை. நீதிமன்றத்தில் முஸ்லிமுக்கு எதிராக அவர்கள் சொல்லும் சாட்சியம் செல்லாது. அரசுக்கு வரி கட்டுவதோடு பாதுகாப்பு என்ற பெயரில் உள்ளூர்க் குர்தியத் தலைவருக்கும் கட்ட வேண்டும். குளிர்காலத்தில் மேய்ச்சல் குழுக்களின் குடும்பங்களையும் கால்நடைகளையும் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தங்கள் இந்த நிலையை மாற்றியிருக்க வேண்டும். 1839, 1856 அரசாணைகள் எல்லாக் குடிகளுக்கும் சமத்துவம் அறிவித்தன. 1863-இல் ஆர்மீனிய மில்லத்துக்கென்று 140 உறுப்பினர் கொண்ட அவையுடன் ஒரு சாசனமும் ஏற்கப்பட்டது. ஊரில் நடந்ததோ வேறு. குர்தியச் சிற்றரசுகளை அரசு 1840களில் ஒடுக்கியது. ஆனால் ஒரு பெரிய தலைவர் இருந்த இடத்தில் கட்டுப்பாடற்ற பல சிறு தலைவர்கள் முளைத்தார்கள். 1858 நிலச் சட்டம் நிலத்தைப் பெயரில் பதிவு செய்யச் சொன்னபோது, அலுவலகத்தில் செல்வாக்குள்ளவர்கள் உழவர்களின் நிலத்தைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். 1864-க்குப் பின் ரஷ்யா காக்கசஸ் மலைகளிலிருந்து விரட்டிய சர்க்கேசிய முஸ்லிம்களையும், பிறகு பால்கன் நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் அகதிகளையும் அரசு இதே மாகாணங்களிலும் குடியமர்த்தியது. அவர்களும் நாடிழந்து வந்தவர்களே. ஆர்மீனியப் பிரச்சினை என்று பின்னாளில் ஐரோப்பியத் தூதரகங்கள் அழைத்ததன் அடியில் இருந்தது இந்த நிலப் பிரச்சினை.

கிழக்குப் பகுதியை ரஷ்யா 1828 துர்க்மென்சாய் உடன்படிக்கையால் பாரசீகத்திடமிருந்து பெற்றது. அப்போது, பாரசீகத்தின் கீழ் கான் ஒருவர் ஆண்டுவந்த எரெவான் கானரசின் மக்களில் ஆர்மீனியர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே. ஷா அப்பாஸ் காலத்து வெளியேற்றத்தின் தழும்பு அது. ரஷ்யா ஈரானிலிருந்து சுமார் 40,000 ஆர்மீனியர்களையும், 1829-30-இல் உதுமானிய மாகாணங்களிலிருந்து அதைவிட அதிகமானவர்களையும் வரவழைத்துக் குடியமர்த்தியது. முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் வெளியேறினார்கள். இன்றைய குடியரசின் மக்கள்தொகைக்கு அடித்தளம் போட்டதும் ஒரு பேரரசின் இடமாற்றக் கொள்கைதான். ‘ஆர்மீனிய மாகாணம்’ என்று ரஷ்யா பெயரிட்ட பகுதி 1840-இல் கலைக்கப்பட்டது. 1836 சட்டத்தின்படி கத்தோலிக்கோஸைத் தேர்ந்தெடுக்கும் இறுதி அதிகாரம் ஜாரிடம் போனது. தன்னாட்சிக் கனவு கண்டவர்களுக்குக் கிடைத்தது பாதுகாப்பு மட்டுமே. அதுவும் சிறிதன்று: தலைக்குமேல் வாள் தொங்காத வாழ்க்கையில் திபிலிசியிலும் பாகுவிலும் ஆர்மீனிய வணிகமும் இலக்கியமும் அரசியல் கட்சிகளும் வளர்ந்தன.

இரு பேரரசுகளையும் நேரில் சந்தித்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வான் நகரில் பிறந்து ‘ஹைரிக்’ என்று மக்களால் அன்போடு அழைக்கப்பட்ட க்ரிமியன், கான்ஸ்தாந்திநோபிள் பேராயராக இருந்தவர். உதுமானியருடனான 1877-78 போரில் ரஷ்யா வென்றதும் சான் ஸ்தெபானோவில் எழுதப்பட்ட உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, ஆர்மீனியர்கள் வாழும் மாகாணங்களிலிருந்து ரஷ்யப் படை விலகுவதைச் சீர்திருத்தங்களோடு இணைத்தது. பிரிட்டனின் எதிர்ப்பால் சில மாதங்களில் பெர்லின் மாநாடு கூடியது. அங்கே 61-ஆம் பிரிவு வரிசையைத் தலைகீழாக்கியது: படை முதலில் விலகும், சீர்திருத்தத்தைச் சுல்தான் பிறகு செய்வார், வல்லரசுகள் மேற்பார்வை இடும். மனுவோடு பெர்லினுக்குப் போன க்ரிமியனுக்கு மாநாட்டில் இடம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி ஆற்றிய உரையில் அவர் சொன்னது இன்றும் ஆர்மீனியர்கள் நினைவில் வைத்திருப்பது: அங்கே பெரிய கொப்பரையில் ஹரீசா என்னும் கோதுமை இறைச்சிக் கஞ்சி இருந்தது, பல்கேரியரும் செர்பியரும் இரும்பு அகப்பையால் அள்ளிக்கொண்டார்கள், தம் கையில் இருந்ததோ காகித அகப்பை. அதே க்ரிமியன் 1892-இல் எச்மியாட்சினில் கத்தோலிக்கோஸாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1903-இல் ஜார் அரசு ஆர்மீனியத் திருச்சபையின் சொத்துகளைக் கைப்பற்ற ஆணையிட்டபோது கையெழுத்திட மறுத்தவரும் அவரே. ஊரெங்கும் எழுந்த எதிர்ப்பால் 1905-இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

பெர்லினின் 61-ஆம் பிரிவு ஆர்மீனியர்களுக்குப் பாதுகாப்புத் தரவில்லை. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் சந்தேகத்தை மட்டும் வளர்த்தது. வெளிநாட்டுத் தலையீட்டால் பால்கன் மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றதைப் பார்த்தவர் அவர். 1891-இல் குர்திய இனக்குழுக்களிலிருந்து ‘ஹமீதியா’ என்ற குதிரைப்படைகளை அமைத்தார். நிலத்தைப் பிடுங்கிய தலைவர்களுக்கு இப்போது அரசுச் சீருடையும் கிடைத்தது. 1894-இல் சாசூன் மலைவாசிகள் இரட்டை வரியை எதிர்த்ததை ஒடுக்கியதில் தொடங்கி 1896 வரை நடந்த படுகொலைகளில் இறந்தவர்கள் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. வல்லரசுகள் குறிப்புரைகள் அனுப்பின, படை அனுப்பவில்லை.

1908-இல் சுல்தானின் தனியாட்சியை எதிர்த்த இளம் துருக்கியர் இயக்கத்தின் புரட்சி வந்தபோது தெருக்களில் முல்லாக்களும் பாதிரிமார்களும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அதானாவில் ஏறத்தாழ 20,000 ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். பறிபோன நிலங்களைத் திருப்பித் தரும் பேச்சும் முடிவுக்கு வரவில்லை. இதற்கிடையில் தலைகளை எண்ணும் அரசியல் முற்றியது. உதுமானியக் கணக்கெடுப்பு பேரரசின் ஆர்மீனியர்களைச் சுமார் 12-13 லட்சம் என்றது. ஆர்மீனியப் பேராயரகம் சுமார் 20 லட்சம் என்றது. ஒரு மாகாணத்தில் யார் எத்தனை விழுக்காடு என்பதே அந்த மாகாணத்தை யார் ஆளவேண்டும் என்பதற்கான வாதமாயிற்று. 1914 பிப்ரவரி 8 அன்று ரஷ்ய அழுத்தத்தால் கையெழுத்தான உடன்பாட்டின்படி கிழக்கு மாகாணங்களுக்கு ஒரு டச்சுக்காரரும் ஒரு நார்வேக்காரரும் மேற்பார்வையாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் பணியில் நிலைகொள்ளும் முன்பே உலகப் போர் வெடித்தது.

1914-15 குளிர்காலத்தில் சாரிகமிஷ் களத்தில் உதுமானியப் போர் அமைச்சர் என்வர் பாஷாவின் படை ரஷ்யர்களிடம் அழிந்தது; பழி ஆர்மீனியர்கள் மேல் விழுந்தது. ஏப்ரல் 24 அன்று தலைநகரின் ஆர்மீனிய அறிஞர்களும் தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். மே 27 அன்று வெளியேற்றச் சட்டம் வந்தது. போர்முனையிலிருந்து வெகு தொலைவிலிருந்த நகரங்களின் ஆர்மீனியர்களும் சிரியப் பாலைவனத்துக்கு நடத்திச் செல்லப்பட்டதால், இது படை நலன் கருதிய நடவடிக்கை என்ற வாதம் நிற்கவில்லை. வெளியேற்றத்தை நிர்வகித்தது உள்துறையின் கீழிருந்த, அகதிகளையும் இனக்குழுக்களையும் குடியமர்த்தும் துறை; பால்கன் முஸ்லிம் அகதிகளுக்கு வீடு ஒதுக்கிய அதே அலுவலகம்தான் ஆர்மீனியர்களை அனுப்பும் கணக்கையும் வைத்திருந்தது. கொண்டுசெல்லப்படும் இடத்திலும் அவர்கள் மக்கள்தொகையில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உள்துறை அமைச்சர் தலாத் கணக்கு வைத்தார். ஆண்கள் பெரும்பாலும் வழியிலேயே கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் நடையிலும் சிரியாவின் தேர் எஸ்-சோர் முகாம்களிலும் இறந்தார்கள். ஆறு லட்சம் முதல் பதினைந்து லட்சம் வரை மதிப்பீடுகள் உள்ளன. பத்து லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. வரலாற்று அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் இதை இனப்படுகொலை என்கிறார்கள். துருக்கி அரசு அந்தப் பெயரை ஏற்பதில்லை. ஆனால் 1919-இல் இஸ்தான்புல்லின் உதுமானிய இராணுவ நீதிமன்றமே தலாத், என்வர் உள்ளிட்டோருக்கு அவர்கள் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பழைய பேரரசுகள் மக்களைப் பெயர்த்தபோது அவர்களுடைய உழைப்பு வேண்டும் என்று பெயர்த்தன. பதிவேடும் விழுக்காடும் கொண்ட நவீனப் பேரரசுக்கோ அவர்கள் இல்லாத நிலம் வேண்டியிருந்தது. 1915 செப்டம்பரில் வந்த ‘கைவிடப்பட்ட சொத்துகள்’ பற்றிய சட்டம் வீடுகளையும் வயல்களையும் கடைகளையும் முறையாகக் கைமாற்றியது.

ரஷ்யப் பேரரசு சரிந்தபின், 1918 மே மாதம் சர்தராபாத் போரில் உதுமானியப் படையைத் தடுத்து நிறுத்தி, மே 28 அன்று ஆர்மீனியக் குடியரசு பிறந்தது. அகதிகளும் பசியும் நிறைந்த நாடு அது. அதன் எல்லைக்குள்ளும் முஸ்லிம் ஊர்கள் தாக்கப்பட்டு மக்கள் விரட்டப்பட்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1920 ஆகஸ்டில் செவ்ர் உடன்படிக்கை வான், எர்சுரும், பித்லிஸ், திரப்சோன் பகுதிகளில் ஆர்மீனியாவுக்கு இடம் தந்தது. எல்லையை அமெரிக்க அதிபர் வில்சன் வரைந்தார். அந்த எல்லையைக் காக்க ஒரு படைவீரரும் வரவில்லை. அதே ஆண்டு இறுதியில் துருக்கியத் தேசியப் படை ஒரு பக்கமும் சோவியத் செம்படை இன்னொரு பக்கமும் நுழைந்தன. 1921 அக்டோபரில் கார்ஸ் உடன்படிக்கை இன்றைய எல்லையை உறுதி செய்தது. அராரத் மலையுள்ள சூர்மாலு வட்டம் துருக்கிக்குப் போனது. 1828-க்கு முன் அது பாரசீகத்துக்குரிய எரெவான் கானரசின் பகுதி. 1923 லோசான் உடன்படிக்கையில் ஆர்மீனியா என்ற பெயரே இல்லை.

1927-இல் துருக்கி ஒரு சட்டம் இயற்றி, துருக்கிய விடுதலைப் போரில் பங்கேற்காமல் வெளிநாட்டில் தங்கிவிட்டுத் திரும்பாத முன்னாள் உதுமானியக் குடிகளின் குடியுரிமையைப் பறிக்க வழி செய்தது. தப்பிப் பிழைத்து அலெப்போவிலும் பெய்ரூத்திலும் இருந்த ஆர்மீனியர்களுக்கு ஊர் திரும்பும் வாசல் அதோடு அடைபட்டது. 1945-இல் ஸ்டாலின் கார்ஸையும் அர்தஹானையும் துருக்கியிடம் கேட்டபோது புலம்பெயர்ந்த ஆர்மீனியர்களிடையே நம்பிக்கை துளிர்த்தது. 1946 முதல் 1948 வரை சிரியா, லெபனான், ஈரான், கிரேக்கம் முதலிய நாடுகளிலிருந்து 90,000 பேர் அளவில் சோவியத் ஆர்மீனியாவுக்கு வந்து குடியேறினார்கள். அவர்களில் பலரின் மூதாதையர் ஊர் எல்லைக்கு அப்பால் துருக்கியில் இருந்தது. நிலக் கோரிக்கையைச் சோவியத் அரசு 1953-இல் கைவிட்டது. அதற்கு முன்பே, 1949 ஜூன் மாதத்தில், அப்படி வந்தவர்கள் பலர் உட்பட ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்களை மாஸ்கோ சரக்கு ரயில்களில் ஏற்றி சைபீரியாவின் அல்தாய் பகுதிக்கு அனுப்பியிருந்தது.